யாருக்காக இந்த உடல்?

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், 1824இல் கும்பினி ஆட்சி தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் இருக்கிறது. அன்று ராணுவக் குதிரைகள். பின்னாளில் சிவப்பு சிந்தி, காங்கேயம் மாடுகள். எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்பதை மனிதர் முடிவுசெய்யும் இடம்.

உழவுக்கும் பாலுக்கும் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெறும் அழகுக்காக என்றால்?

நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜெரிகர், ஆஸ்திரேலிய வறண்ட வெளியின் கிளி. 1840இல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் அதன் எடை முப்பது, நாற்பது கிராம்தான். கண்காட்சிப் பறவையோ உடல் பருத்து, தலை புடைத்து, சிலவற்றில் இறகு கண்ணையே மறைக்கும். அந்த உருவம் நிலைக்க நெருங்கிய சொந்தங்களையே இணைசேர்க்கிறார்கள். ஒளிந்திருக்கும் குறைகளும் அப்போது வெளிப்படும்.

இதில் அந்தப் பறவைக்கு அநீதி நடந்ததா? மெய்யியலாளர் டெரிக் பார்ஃபிட் 1984இல் எழுப்பிய சிக்கல் இங்கே பொருந்தும்: வேறு ஜோடியைச் சேர்த்திருந்தால் இந்தப் பறவையே பிறந்திருக்காது. பிறகு எதை வைத்து அது முறையிடும்?

சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. உயிர் தன் வினைக்கேற்ற உடலைப் பெறுகிறது, தருபவன் இறைவன். அப்படியானால் வளர்ப்பவர் தப்பித்தாரா? அதுதான் இல்லை. இப்பிறவியில் செய்வது ஆகாமியம் என்னும் புது வினையாகச் செய்தவரையே சேரும். பார்ஃபிட்டின் முடிச்சை இது சட்டென்று தாண்டிவிடுகிறது: முறையிடப் பறவை தேவையில்லை, கோப்பைக்காகக் கூண்டில் ஜோடி சேர்த்த கை போதும்.