இடம் உண்டு, ஆசிரியர்?

தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் விண்ணப்பங்கள் குவியும் ஆண்டுகளில் 20 சதவீதம் கூடுதலாக மாணவர்களைச் சேர்க்க அனுமதி வருகிறது. அறிவியல் பாடங்களுக்கு மட்டும் ஆய்வக வசதி பார்க்கப்படும். ஆசிரியர் பணியிடங்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. இப்படிச் சேர்ப்பது நியாயமா?

தரம் கெடுகிறது, இடங்களைக் குறையுங்கள் என்பது ஒரு பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைத்தால் வெளியே நிற்கப்போவது யார்? வசதியுள்ளவர் தனியார் கல்லூரிக்குப் போய்விடுவார். கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்த பெண் நின்றுவிடுவாள். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழகத்துக்கு 47 சதவீதம். இதில் தனியாருக்கும் பெரும்பங்கு உண்டு. பணமில்லாதவரை அந்தக் கணக்கில் ஏற்றியவை பெரும்பாலும் அரசுக் கல்லூரிகள்.

ஆனால் சேர்த்துக்கொண்டதோடு கடமை தீர்ந்துவிடாது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. இங்கோ ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்புகளைத் தாங்குகிறார்கள். இவர்களில் பலர் நெட் தகுதித் தேர்வில் தேறியவர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள். 2024-25இல் இவர்களுக்குக் கிடைத்தது மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதம். விரிவாக்கத்தின் பெருமை அரசுக்கு, செலவு இவர்களுக்கு.

மறுபாதிச் செலவு மாணவர் தலையில். நிரம்பி வழியும் வகுப்பில் ஒவ்வொருவர் எழுத்தையும் திருத்த நேரமில்லாத ஆசிரியர், இன்டர்னல் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டுவிடுகிறார். அது இரக்கம்போலத் தெரியும். வீட்டில் படித்தவர்களும் டியூஷனுக்குப் பணமும் இருக்கும் பிள்ளை, வகுப்பில் விட்டதை வெளியே பிடித்துவிடும். முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வகுப்பறையை விட்டால் வேறிடம் இல்லை. தரக்குறைவு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை; யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவரைத்தான் அதிகம் தாக்குகிறது. சமூகநீதி பேசுவோர் தரத்தைப் பற்றிய பேச்சை மேட்டுக்குடிக் கவலை என்று ஒதுக்குவது இதனால்தான் தவறு.

நிதி இல்லை என்பது பொய்யான சாக்கு அல்ல. பணியிடம் நிரம்பும்வரை சேர்க்கையை நிறுத்தவும் முடியாது. இந்த ஆண்டு இடம் கிடைக்காதவரை வீட்டில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், பெண் என்றால் கல்யாணம். ஆகவே சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் கூடுதல் இடங்களுக்கான ஆணையிலேயே கூடுதல் பணியிடங்களும் அவற்றை நிரப்பும் தேதியும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஓராண்டு தற்காலிக நியமனம் என்றால் பொறுக்கலாம். பத்தாண்டாக அதே துறையில், அதே பாடத்தை நடத்துபவரைத் தற்காலிகம் என்று பதிவேட்டில் எழுதுவது பொய்க்கணக்கு.