நிலவறையும் நீதியும்

வீட்டின் நிலவறைக்குச் சுண்ணம் பூசி, விளக்கிட்டு, வாழும் அறையாக்குவது நன்றே. ஆயினும், அங்கே துயிலப்போகிறவர் யாவர் என நாம் முதலில் வினவுதல் வேண்டும். 1848-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், 7 அடி உயரமும், அதில் 3 அடி தரைக்கு மேலும் இல்லாத நிலவறையைக் குடியிருப்புக்கு விடலாகாதென விதித்தது. இத்தகைய விதிகள் பல நகரங்களிலும் உண்டு. இருந்தும், 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் பெய்த பெருமழையில் நிலவறைக் குடித்தனக்காரர் 11 பேர் மூழ்கி மாண்டனர். அவ்வறைகளுட் பெரும்பாலானவை அனுமதியின்றி அமைக்கப்பட்டவை.

“குறைந்த வாடகைக்கு இசைந்தே வந்தனர்” என்பர் சிலர். வேறிடமில்லாதவனது இசைவு இசைவாகுமோ? உலர்ந்த சுவரும், காற்று நுழையும் சாளரமும், ஆபத்தில் வெளியேற இரண்டாம் வழியும் இல்லாத அறையில் நம் குழந்தையை ஓரிரவேனும் உறங்க விடுவோமா? விடோமெனில், பிறர் குழந்தைக்கு அதையளித்துப் பணம் பெறுதல் அறமன்று.