மையும் மைனும்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே ஓர் இருக்கைதான். அதில் 'எ' உட்கார்ந்துவிட்டால் 'மை'க்கு இடமில்லை. 'திஸ்' உட்கார்ந்தாலும் இல்லை. 'எ மை ஃப்ரெண்ட்' என்றோ 'மை திஸ் புக்' என்றோ சொல்ல வராது. நானூறு ஆண்டுகளுக்கு முன் 'திஸ்'ஸும் 'மை'யும் இடித்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்ததுண்டு. இன்று அப்படிப் பேசினால் பழைய பைபிளின் வாசனை அடிக்கும்.

இடம் கிடைக்காத 'மை', பெயரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறது. அங்கே அதற்கு 'ஆஃப்' துணை. போன இடத்தில் உருவமும் மாறி 'மைன்' ஆகிவிடுகிறது: 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'. தமிழ் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 'என் நண்பர் ஒருவர்' என்னும்போது உடைமை முன்னாலேயே நிற்கிறது. எண்தான் பின்னால் நகர்கிறது.

*

முன்னால் நிற்கும் 'மை', கேட்பவருக்குத் தெரிந்த ஒருவரைச் சுட்டுகிறது. தெரியாவிட்டால் தெரிந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பின்னால் போன 'மைன்' அப்படி வற்புறுத்துவதில்லை. பலரில் ஒருவர் என்று சொல்லி விட்டுவிடுகிறது. 'மை வைஃப்' என்பதற்குப் பதில் 'எ வைஃப் ஆஃப் மைன்' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். அன்று வீட்டில் சோறு கிடைக்காது.

ஆனால் 'பலவற்றில் ஒன்று' என்ற விளக்கம் 'தட் நோஸ் ஆஃப் ஹிஸ்' என்ற இடத்தில் முட்டிக்கொள்கிறது. ஓர் ஆளுக்கு எத்தனை மூக்கு? டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இந்த மூக்கை வைத்தே அந்த விளக்கத்தை மறுத்தார். அவர் பக்கம்தான் எனக்கும் நியாயம் தெரிகிறது. இங்கே எண்ணிக்கை பேசப்படவே இல்லை. 'தட்' முன்னால் வந்து உட்காரவேண்டும், அவ்வளவுதான். அதற்காக 'ஹிஸ்' இடம்விட்டுப் பின்னால் போயிருக்கிறது. கூடவே ஒரு தொனியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 'தட் டாக் ஆஃப் யுவர்ஸ்' என்று ஆரம்பித்தால் நாய் எதையோ கடித்துக் குதறியிருக்கிறது என்று பொருள். 'உங்க நாய் இருக்கே...' என்று நம் தெருவில் இழுப்பார்களே, அந்த இழுவை. சில நேரம் செல்லத்தோடும் வரும். வெறும் 'யுவர் டாக்' என்பதில் கோபமும் இல்லை, செல்லமும் இல்லை.

*

'எ போர்ட்ரெயிட் ஆஃப் ரெம்ப்ராண்ட்' என்றால் படத்தில் இருப்பவர் ரெம்ப்ராண்ட். கடைசியில் 'ஸ்' என்று ஓர் ஒலியைச் சேர்த்து 'எ போர்ட்ரெயிட் ஆஃப் ரெம்ப்ராண்ட்ஸ்' என்றால் அது அவர் வரைந்த படம், அல்லது அவரிடம் இருந்த படம். படத்தில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். 'எ பிக்சர் ஆஃப் மீ', 'எ பிக்சர் ஆஃப் மைன்' இரண்டுக்கும் நடுவில் இருப்பதும் இதே தூரம்.

வேறொரு ஓவியரின் பெயரை எடுத்திருக்கலாம். ரெம்ப்ராண்டை விட மனம் வரவில்லை. அவர் தன்னையே சுமார் 40 முறை வண்ணத்தில் தீட்டியவர். அந்தப் படங்களில் 'ஸ்' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இரண்டு தொடர்களும் உண்மை.

உடைமை என்ற பொருள் மட்டும் அவரிடம் நிலைக்கவில்லை. 1639இல் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்குப் பெரிய வீடொன்றை வாங்கினார். பணத்தை அவரால் முழுவதும் கட்டி முடிக்க முடியவில்லை. 1656இல் கடன் தாங்காமல் கைவிரித்தார். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பட்டியல் எழுதினார்கள். 363 பதிவுகள். அவர் வரைந்த படங்கள், பிறர் வரைந்து அவர் வாங்கிவைத்த படங்கள், பிளாஸ்டர் தலைகள், சிப்பிகள், ஆயுதங்கள். பட்டியலில் இருந்தவை ஏலத்துக்குப் போயின. 1658இல் வீடும் விற்கப்பட்டது.

அதே 1658 என்று தேதியிட்ட சுயஉருவம் ஒன்று நியூயார்க்கின் ஃப்ரிக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பொன்னிற உடையில், கையில் கோலோடு, அரியணையில் இருப்பவர் மாதிரி அகன்று உட்கார்ந்திருக்கிறார். ஆளைக் காட்டும் 'ஆஃப்' அவரிடம் இருந்தது. வரைந்தவரைச் சொல்லும் 'ஸ்' இருந்தது. வைத்திருப்பவரைச் சொல்லும் 'ஸ்' மட்டும் ஏலத்தில் போய்விட்டது. கையைவிட்டுப் போன அந்த வீட்டை இன்று அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

*

'ஓன்' பிடிவாதமான சொல். ஆள் இல்லாமல் வராது. நாம் 'சொந்த வீடா, வாடகை வீடா?' என்று கேட்கிறோம். கேள்வியில் யாருடைய பெயரும் இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. அதையே வைத்து 'ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்' என்று நம்மவர்கள் சொல்லும்போது ஆங்கிலக்காரர் காது எதற்காகவோ காத்திருக்கும். 'மை ஓன் ஹவுஸ்' என்று வேண்டும், அல்லது 'எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்' என்று. 'எ' முன்னால் உட்கார்ந்ததும் மறுபடி அதே பின்பக்க வழி.

வர்ஜீனியா உல்ஃப் 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்த நூல் 1929இல் வந்தது: 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்'. எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் பூட்டு வைத்த ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் வாதம். தலைப்பில் 'ஹெர்' இல்லை, 'மை' இல்லை. யாராகவும் இருக்கக்கூடிய 'ஒன்' இருக்கிறது. ஆள் இல்லாமல் வராத 'ஓன்' முன்னால் பெயரில்லாத ஆள் ஒருவரை நிறுத்தியிருக்கிறார் உல்ஃப்.

இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளவும் விற்கவும் முழுமையாக வழிசெய்த சட்டம் 1882இல் வந்தது. உல்ஃப் பிறந்ததும் அந்த ஆண்டில்தான். அதற்கு முன்னாலும் 'ஹெர் மனி' என்று வீட்டில் பேசியிருப்பார்கள். இலக்கணத்தில் அது பிழையில்லை, வழக்குமன்றத்தில்தான் பெரும்பாலும் நிற்காது.

*

'ஐ ப்ரஷ் மை டீத்.' வேறு யார் பல்லைத் தேய்ப்பது? நாம் 'பல் தேய்த்தேன்' என்று முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிமையாளர் சீட்டை ஒட்டாமல் விடாது.

ஒரே ஓர் இடத்தில் விடும். 'ஷி டுக் ஹிம் பை தி ஹேண்ட்'. இங்கே 'ஹிஸ் ஹேண்ட்' இல்லை, 'தி ஹேண்ட்'. முழு ஆளையும் 'ஹிம்' என்று முதலிலேயே பிடித்தாகிவிட்டது; கை யாருடையது என்று திரும்பக் கேட்கவேண்டியதில்லை. 'பை', 'ஆன்', 'இன்' என்ற சிறு சொற்கள் ஆளிலிருந்து உறுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. 'அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்' என்று நாமும் இதையே செய்கிறோம், அப்படி எந்தச் சிறு சொல்லும் இல்லாமல், இரண்டு 'ஐ'களை அடுத்தடுத்து வைத்து.

நன்னூல் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை இரண்டாகப் பிரிக்கிறது. பிரிக்க முடியாதது தற்கிழமை, பிரித்துவிடக்கூடியது பிறிதின்கிழமை. உறுப்பு முதல் வகை. பொருளும் இடமும் காலமும் இரண்டாம் வகை என்பார்கள் உரைகாரர்கள். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் பார்த்தால், 'மை டீத்', 'மை ஹவுஸ்', 'மை ட்ரெயின்' மூன்றும் ஒரே வேடத்தில் வருவது கொஞ்சம் வேடிக்கைதான். ரயிலை யாரும் வாங்கியிருக்கவில்லை. அதில் ஏறப்போகிறோம், அவ்வளவே.

காலத்திலும் ஒரு திருப்பம். உரைகாரர்கள் காட்டும் உதாரணத்தில் வேனில் மாரனுடையது, காலம் உடைமை. ஆங்கிலப் பேச்சில் காலமே உடையவர்: 'எ டேய்ஸ் வொர்க்', 'டூ வீக்ஸ் நோட்டீஸ்'. ஒரு நாளுக்குச் சொந்தமான வேலை, இரண்டு வாரங்களுக்குச் சொந்தமான முன்னறிவிப்பு.

*

'அட் தி டாக்டர்ஸ்'. டாக்டருடைய எது என்று சொல்லவில்லை. 'அட்' இருப்பதால் அது இடம் என்று தெரிந்துவிடுகிறது. பெயர்ச்சொல் வராமலே வேலை முடிகிறது.

*

லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலையங்கள் ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட். பலகையில் முதலாவதற்கு 'ஸ்'ஸுக்கு முன் உடைமைக் குறி (அபாஸ்ட்ரஃபி) உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. காதுக்கு வித்தியாசமே தெரியாது.

*

'உங்கள் வருகைக்கு நன்றி' என்று நினைத்துக்கொண்டு 'தேங்க்யூ ஃபார் யுவர் கமிங்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஃபார் கமிங்' போதும். வந்தவர் யார் என்பது 'யூ'விலேயே வந்துவிட்டது. வினை செய்பவர் வேறாக இருந்தால்தான் சிக்கல். 'ஐ இன்சிஸ்டெட் ஆன் ஹிஸ் கமிங்' என்பதா, 'ஆன் ஹிம் கமிங்' என்பதா? ஆங்கில அகராதியாளர் ஹென்ரி ஃபவுலர் 'ஹிம்'மை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1906இல் தம்பியோடு சேர்ந்து எழுதிய நூலிலும் 1926இல் வந்த தமது அகராதியிலும் அதை விரட்டினார். பேச்சில் நெடுங்காலமாக அப்படித்தான் இருக்கிறது என்று யெஸ்பர்சன் சான்றுகளை அடுக்கினார். இப்போது அலுவலகக் கடிதத்தில் 'ஹிஸ்' வருகிறது, தொலைபேசியில் 'ஹிம்' வருகிறது. கடிதத்துக்கு ஃபவுலர், பேச்சுக்கு யெஸ்பர்சன் என்று நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன். 'மை மதர் கமிங்' போல நடுவில் உறவுப்பெயர் வந்தால், கடிதத்திலும் அந்த 'ஸ்'ஸை விட்டுவிடுகிறேன்.