தண்டமும் கழுவாயும்

மதுரை மாசி வீதியில் மோட்டார் வண்டியை நிறுத்தப் புகுந்தோன் ஒருவன் பிறர் வண்டியை உராய்ந்து நெளித்துவிடின், அசட்டையாய் ஓட்டினான் என வழக்கு எழுதலுமுண்டு. அசட்டை பிறர்க்கு ஊறு விளைக்கத் தக்கதெனின், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சங்கிதை, 281ஆம் பிரிவில், ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கும். 'கருதிச் செய்திலேன், மறுத்தால் என்?' என்பது அவன் ஐயம்.

மனுச்சோழன் மைந்தன் தேரின்கீழ்க் கன்று விழுந்ததும் கருதியன்று. தந்தை அறியுமுன் கழுவாய் பெற அவன் மறையவர்பாற் சென்றான் என்கிறது பெரியபுராணம். அமைச்சர் சொன்ன கழுவாயையும் மன்னன் ஏற்றிலன். சிவஞான சித்தியாரோ அரச தண்டம் பாவந் தீர்ப்பதென்று கொள்ளும். நிகழ்ந்த அசட்டை அதனால் தீரலாம். மறுத்துரைக்கும் பொய் புதிய ஆகாமியமன்றோ? (செய்யாததை ஒப்புதலும் பொய்யே.) ஆயினும் அபராதம் அரசினைச் சேரும், நெளிந்த வண்டிக்குரியோன் பெறவேண்டிய செப்பனிடு கூலி அப்படியே நிற்கின்றது.