சிப்பி, வெள்ளி, ஸ்டாண்டர்டு 2000

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைக் கடந்ததும் வரும் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு சாலை வடக்கே திருவேற்காட்டுக்குப் பிரிய, பெருஞ்சாலை மேற்கே பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்கிறது. இந்த மேற்குச் சாலைக்கு இன்று கார்ச்சாலை என்றே பெயர் வைக்கலாம். 1998-இல் சான்ட்ரோ வெளிவந்த இருங்காட்டுக்கோட்டை ஆலையும், அதன் பின்னே எழுந்த உதிரிபாகத் தொழிற்கூடங்களும் இதை ஒட்டியே அமைந்தன. எனினும் அதே சாலை, மரபுவழிக் கணக்கில் 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரையும், அவருக்கு வழிகாட்டியவராக வைணவ மரபு போற்றும் பூந்தமல்லியின் திருக்கச்சி நம்பிகளையும் நினைவூட்டும் சாலையாகவும் இருக்கிறது. இவ்விரண்டும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவைதாம். ஆனால் பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்னும் விரிவுரையின் தொடக்கத்திலேயே இராமானுசர் நெடிதாக ஆராயும் ஒரு கேள்வி, அதாவது ஒரு பொருள் வேறொன்றாகத் தோன்றுவது எவ்வாறு என்பது, பெரும்பணம் கொடுத்து வாங்கிய வண்டியால் மனம் நொந்தவனின் கேள்வியும் ஆகும்.

இக்கேள்விக்கு வழக்கிலுள்ள விடை ராசி என்பது. புது வண்டியைத் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சன்னிதித் தெருவிலோ, சென்ட்ரல் அருகே பாடிகாட் முனீஸ்வரர் கோயில் முன்னோ நிறுத்தி, மாலையிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னும் அது மாதத்துக்கொரு முறை மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றால், குடும்பம் அதை ராசியில்லாத வண்டி என்று சொல்லிக் கைமாற்றி விடுகிறது. இவ்விடையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதைவிட, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது பயனுடையது. வாங்கியவனின் தேர்வையும், விற்றவனின் சொல்லையும், செய்தவனின் வேலையையும் ஒரே மூச்சில் விடுவித்து, பழி முழுவதையும் யாருக்கும் சொந்தமில்லாத ஓரிடத்தில் அது இறக்கி வைக்கிறது. ஆறுதலுக்கு இது போதும், அறிவுக்குப் போதாது.

தமிழ்நாட்டு மோட்டார் வரலாற்றில் இக்கேள்வியை ஆராய ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரைவிடத் தகுந்த வழக்கு கிடைப்பது அரிது. கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1948-இல் தொடங்கப்பட்ட சென்னை நிறுவனம், வண்டலூர் ஆலையில் வேன்கார்டையும், பிறகு ஒரு தலைமுறைக்குக் கனவாக விளங்கிய ஹெரால்டையும் செய்து விற்று, 1970-களின் பிற்பகுதியில் கார் செய்வதை நிறுத்தி, வேன்களைக் கொண்டே காலந்தள்ளி வந்தது. மாருதி 800 வந்து இந்தியச் சாலையின் கணக்கையே மாற்றத் தொடங்கியிருந்த நிலையில், 1985-இல் அந்நிறுவனம் ரோவர் எஸ்டி1 காரின் உடலோடு மீண்டும் களத்தில் இறங்கியது. எஸ்டி1, 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. நீண்ட தாழ்ந்த முகமும், பின்னே சரிந்து இறங்கும் கூரையும் கொண்டது. எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சினுக்காக முதலில் வரையப்பட்டது. வண்டலூரில் செய்யப்பட்ட காரின் பானட்டுக்கு அடியிலோ, 1940-களின் வேன்கார்டு எஞ்சினிலிருந்து வந்த 1991 சிசி எஞ்சினும் நான்கு கியர் பெட்டியும் இருந்தன. ஃபெர்குசன் டிராக்டர்களில் உழைத்த எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்திய மேடுபள்ளங்களுக்காக உடல் உயர்த்தப்பட்டதால் அந்தத் தாழ்ந்த அழகும் சற்றுக் குலைந்தது. விலை செல்வந்தருக்கு மட்டும் எட்டுவதாக இருந்தது. வேகமோ அந்த உருவத்துக்கு ஒவ்வாததாக இருந்தது. எரிபொருள் சிக்கனம் பற்றி நிறுவனம் சொன்ன அளவுகள் உண்மையல்ல என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ள, 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலை மீளவே இல்லை.

இக்காரை வாங்கியவன் எதைக் கண்டு வாங்கினான்? இந்தியத் தத்துவ நூல்கள் பிழையறிவுக்குத் தரும் வழக்கமான சான்று, கடற்கரையில் கிடக்கும் சிப்பியை வெள்ளி என்று எண்ணி ஒருவன் குனிவது. அளவையியலைத் தன் துறையாகக் கொண்ட நியாய மரபு இதனை அந்யதாக்கியாதி என்னும் கொள்கையால், அதாவது பொருள் தான் இருக்கும் வகையில் அன்றி வேறு வகையில் தோன்றுவதே பிழை என்னும் கருத்தால், விளக்குகிறது: கடைத்தெருவில் முன்பு கண்ட உண்மையான வெள்ளி, நினைவின் வழியாகக் கண்முன் கிடக்கும் சிப்பியின் மேல் ஏற்றப்படுகிறது. ஸ்டாண்டர்டு 2000-க்கு இவ்விளக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் தோன்றும். இங்கிலாந்தில் இருந்த ரோவரின் பெருமை, வண்டலூர் வண்டியின் மேல் ஏற்றப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் எஸ்டி1 தன் சொந்த நாட்டிலேயே வேலைப்பாட்டின் குறைகளுக்குப் பேர்போன கார். ஆக, கடைத்தெரு வெள்ளியே கலப்பட வெள்ளியாக இருந்திருக்கிறது, அதை நியாயத்தின் விளக்கம் எதிர்பார்ப்பதில்லை. அத்வைதமோ, அவ்வெள்ளி உள்ளது என்றும் இல்லாதது என்றும் சொல்ல இயலாத அநிர்வசனீயத் தோற்றம் என்று கூறும். உலகத்தோற்றம் முழுவதையும் பேசுவதற்கு வலிமை வாய்ந்த இக்கருத்து, தவணை கட்டுகிறவனிடம் வந்தால் சற்றே தடுமாறுகிறது. அவன் ஓட்டியது மாயக்கார் அன்று.

இராமானுசரின் விடை இவ்விரண்டிலிருந்தும் விலகி, முதலில் கேட்பவரைத் திகைக்க வைக்கிறது. எல்லா அறிவும் உண்மைப் பொருளையே பற்றுகிறது என்பது அவர் துணிபு. இது யதார்த்தக்கியாதி எனப்படும். ஐம்பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் உருவாகின்றன என்னும் வேதாந்தக் கருத்தைக் கொண்டு, சிப்பியில் வெள்ளியின் கூறு சிறிதளவேனும் உண்மையாகவே இருக்கிறது, அதனால்தான் அது வெள்ளியைப் போல ஒளிர்கிறது என்கிறார். கண்ணின் குறையால் மிகுதியான சிப்பிக்கூறு பிடிபடாமல் போக, சிறிதளவான வெள்ளிக்கூறு மட்டும் பிடிபடுகிறது. குறை நீங்கியதும் மிகுதி தெரியவர, குனிந்தவன் நிமிர்ந்து விடுகிறான். ஆகவே அவன் இல்லாததைக் காணவில்லை. இருந்ததில் சிறுபங்கைக் கண்டு, பெரும்பங்கைக் காணத் தவறினான். ஒரு பொருளுக்குச் சிப்பி என்றோ வெள்ளி என்றோ பெயர் வழங்குவதும், அது எதற்குப் பயன்படும் என்பதும், அதில் மிகுந்திருக்கும் கூற்றைப் பொறுத்தவை.

பௌதிகமாக இக்கொள்கை இன்று நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் விலைகொடுத்து வாங்கிய பொருள்களைப் பற்றி இதைவிடத் துல்லியமாகப் பேசும் கொள்கை வேறில்லை என்றே சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டு 2000-இல் ரோவர் இருந்தது. அந்தத் தகட்டின் வளைவும் விசாலமான உள்ளிடமும் பொய்யல்ல. விற்பனைக்கூடத்தில் நின்றிருக்கும் வரை அந்தக் கூறே கண்ணுக்குப் படும். சாலையில் ஏறியபின் மிகுந்திருக்கும் மற்றக் கூறு தன்னைக் காட்டும். இவ்வாறு பார்த்தால் வாங்கியவன் முட்டாள் என்ற ஏளனம் விலகுகிறது. அதே வேளையில், குறைந்த கூற்றை ஒளிபாய்ச்சிக் காட்டி மிகுந்த கூற்றை மறைப்பவனின் பொறுப்பு கூர்மையாகத் தெரிகிறது. நம்பத்தகுந்தவனின் சொல்லை அளவையாக ஏற்கும் மரபுகள் அவனை ஆப்தன் என்று அழைத்தன; பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறு சொல்ல விரும்புபவனே ஆப்தன். சோதனைக்கூடத்தில் சீரான வேகத்தில் எடுத்த மைலேஜ் எண்ணை, மதுரவாயல் நெரிசலில் நாள்தோறும் ஊரப்போகிறவனிடம் வேறு எந்த விளக்கமும் இன்றிச் சொல்லும் விற்பனையாளன் பொய் சொல்லவில்லை; ஆயினும் அவன் ஆப்தன் அல்லன்.

நானோவின் வழக்கு வேறு வகையானது. 2008-இல் ஒரு லட்ச ரூபாய்க் காராக அறிமுகமாகி, 2009-இல் விற்பனைக்கு வந்து, 2018-இல் முடிந்துபோன அவ்வண்டியில் மறைக்கப்பட்ட பெருங்கூறு என்று அதிகம் இல்லை. மலிவு என்ற மெய்யான கூறே அதற்குப் பகையாயிற்று. மிக மலிவான கார் என்று அது பெயர்பெற்றதைத் தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். காரை வாங்குபவன் அண்டைவீட்டாரின் பார்வையையும் சேர்த்தே வாங்குகிறான் என்பதால், இங்கே நொந்தது அறிவு அன்று, மானம். திருக்குறளின் துறவு அதிகாரம் பேசும் எனது என்னும் செருக்குக்கே இது உரிய இடம்.

இனி, இராமானுசரின் கொள்கைக்கு உண்மையான சோதனை, ஏமாற்றமே நேராத இடத்தில்தான் இருக்கிறது. ஓர் அறிவு சரியா என்பது அதை நம்பிச் செய்த செயல் பயன்தருவதால் தெரியும் என்பது நியாயத்தார் கொள்கை. தண்ணீர் என்று எண்ணிச் சென்றவனின் தாகம் தீர்ந்தால் அவன் கண்டது தண்ணீரே. 2014 சனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் அப்போது பெரிதும் விற்ற ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகிய ஐந்து சிறு கார்களின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் சுழிய நட்சத்திரமே கிடைத்தது. இவற்றுள் ஐ10 இருங்காட்டுக்கோட்டையிலும், ஃபிகோ மறைமலைநகரிலும் செய்யப்பட்டவை. ஆனால் இக்கார்களை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நிறைவோடுதான் இருந்தார்கள். விபத்து நேராத வரை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் போய், ஆண்டுக்கொரு முறை குலதெய்வம் கோயிலுக்குச் சென்று வந்த ஒவ்வொரு பயணமும் பயன்தந்த செயலே. நியாயத்தின் அளவுகோலில் அவர்களது நம்பிக்கை ஒவ்வொரு நாளும் சரியென்றே நிறுவப்பட்டது.

பயனையே சான்றாகக் கொள்ளும் அளவுகோல் இங்கே தோற்கும்போது, மிகுந்த கூறு காணப்படாமலே இருக்கக்கூடும் என்ற இராமானுசரின் கருத்து நின்றுவிடுகிறது. எனினும் அவர் சொல்லும் கண்ணின் குறை தனிமனிதனுக்கு உரியது, மோதல் சோதனையோ எந்தக் கண்ணும் தானாகக் காண இயலாததைக் காட்டுவது. அதைக் காண ஒரு நாட்டின் சட்டமே கண்ணாக வேண்டியிருந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு மோதல் தரநிலையும், 2019 சூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும் கட்டாயமாயின. அதற்கு முன்பே அப்படியொரு காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டி, கீறல்கூட விழாமல் கைமாற்றியவர் அதை ராசியான வண்டி என்று சொல்லி விற்றிருப்பார். அவர் சொன்னது முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.