யாருடைய இடர் நீங்கிற்று?

குவீன்ஸ்டவுன் காமன்வெல்த் டிரைவிலுள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் இரயில்வே தொழிலாளர் தொடங்கிய வழிபாட்டிடத்தின் வழிவந்தது. உழைப்பவன் காவல் தெய்வத்தை வணங்கும்போது, உயிரோடு திரும்புவோமா என்னும் ஐயமும் அவ்வணக்கத்துள் ஒளிந்திருக்கும். அதே வட்டாரத்தின் மேற்குப் புறத்தில், கெண்ட் ரிட்ஜ் குன்றில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அவ்வையத்தை அறிவியல் போக்குமா?

கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள் இருண்டவை. மூடிக்கிடக்கும் தொட்டியில் இரும்பு துருவேறுகையில் அங்குள்ள உயிர்வளி குறைந்துவிடும். உள்ளே சென்றவன் ஓசையின்றிச் சாய்வான். அவனைத் தூக்கப் பதறி நுழைந்தவனும் சாய்வான். இன்று அவ்விருளுள் கூண்டுக்குள் அடங்கிய சிறு பறக்கும் கருவி படமெடுக்கின்றது. காந்தச் சக்கரமுடைய ஊர்தி சுவரில் ஏறி, மிகையொலியால் தகட்டின் தடிப்பை அளக்கின்றது. கடலடி எண்ணெய் மேடைகளின் கால்களை நீர்மூழ்கு எந்திரங்கள் ஆராய்கின்றன. இதனை வரவேற்காதார் யார்?

ஆயினும் 1978 அக்டோபர் 12ஆம் நாளை மறத்தலாகாது. ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்ட ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. மாண்டோர் 76 பேர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததால் எழுந்த ஆவியை, இரும்பு வெட்டும் சுடரின் பொறி பற்றவைத்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. இறந்தோருள் பலர் கப்பலைச் சோதிக்க வந்தவரல்லர், பழுதுபார்க்க வந்தவர். இத்தனைக்கும் எரிவளியை அளந்தறிய எந்திர மனிதன் வேண்டுவதில்லை. கையில் ஏந்தும் கருவியே போதும்.

இங்கேதான் அறக்கேள்வி பிறக்கின்றது. எந்திரம் விரிசலைக் காண்கிறது. அதை அடைக்கப் பற்றவைப்போனே இன்றும் நுழைகின்றான். முன்னாளில் தொட்டியைச் சோதித்தவனும் அவன் மூச்சிழுத்த காற்றையே மூச்சிழுத்தான். தன் உயிரும் உள்ளே இருந்தமையால் அவன் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. குளிரறையில் திரையைப் பார்த்துக் கையொப்பமிடுவோனுக்கு அவ்வச்சம் இல்லை. அச்சமின்மை அவன் குற்றமன்று. அவனையும் மீண்டும் இருளுள் தள்ளுக என்பதும் அறமாகாது. ஆனால், தனக்கு நீங்கிய இடர் பிறனுக்கு நீங்கவில்லை என்பதை அவன் அறிந்தே கையொப்பமிடல் வேண்டும். எந்திரம் தந்த எண்களின்பின் அவன் ஒளிந்துகொள்ளலாகாது.

தொட்டியின் வாயிலில் சுடர்க்கருவியோடு குனிபவன், “உள்ளே பார்த்தது யார்?” என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஓர் எந்திரத்தின் வரிசை எண் கூறப்படுமாயின், அவன் தயங்குவது முறையே.