சித்திரமும் மெய்யுணர்வும்

சித்திரம் நம்மைச் சத்தியத்துக்கு அருகே கொண்டு செல்கிறதா, அதிலிருந்து விலக்கி விடுகிறதா என்னும் கேள்வி தத்துவ விசாரத்தில் மிகப் பழமையானது. கிரேக்க ஞானி பிளேட்டோ, ‘குடியரசு’ என்னும் தம் நூலின் பத்தாம் பகுதியில், ஓவியனுக்கு எதிராகக் கடுமையான வாதம் ஒன்றைத் தொடுக்கிறார். கட்டில் என்னும் பொருளுக்கு நித்தியமான மூல வடிவம் ஒன்று உண்டு. அதை மனத்திற்கொண்டு தச்சன் ஒரு கட்டிலைச் செய்கிறான். அந்தக் கட்டிலும் ஒரு பக்கத்திலிருந்து எப்படித் தோன்றுகிறதோ அதை மட்டுமே ஓவியன் தீட்டுகிறான். ஆகவே அவன் படைப்பு உண்மைக்கு மூன்றாம் படியில் நிற்கிறது என்கிறார். காணும் உலகம் மாயை என்று கேட்டு வளர்ந்த நமக்கும் இவ்வாதம் எளிதில் மனத்தில் படும். தோற்றமே நிலையற்றதாயின், அதைப் பிரதி செய்வதில் ஞானம் ஏது?

ஆயினும் அதே பிளேட்டோ இயற்றிய ‘மீனோ’ என்னும் உரையாடலைப் படிப்பவர்கள் இத்தீர்ப்பை மீண்டும் ஆராயாமல் இருக்க முடியாது. கணிதம் கல்லாத ஓர் அடிமைச் சிறுவனைச் சாக்ரடீஸ் அழைத்து, 2 அடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து காட்டி, இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்று சிறுவன் தயக்கமின்றிச் சொல்கிறான். வரைந்து பார்த்தால், 8 சதுர அடி வரவேண்டிய இடத்தில் 16 வந்து நிற்கிறது. 3 அடி என்று திருத்திச் சொல்கிறான், 9 வருகிறது. முடிவில், முதற் சதுரத்தின் மூலைவிட்டத்தையே பக்கமாகக் கொண்டு எழும் சதுரமே வேண்டியது என்பதைத் தன் கண்ணாலேயே கண்டு தெளிகிறான். ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதே கல்வி என்று நிலைநாட்டப் பிளேட்டோ இக்காட்சியை அமைத்தார். பூர்வ ஜன்ம வாசனை என்னும் கருத்தோடு பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்த அறிவு எங்கிருந்து வந்ததாயினும், அது வெளிப்படுவதற்கு முன் சிறுவனுடைய பொய்யறிவு கலைய வேண்டியிருந்தது. மனத்துக்குள் இருந்தவரையில் நிச்சயமான ஞானமாக விளங்கிய அவன் விடை, சாக்ரடீஸின் வினாக்களுக்கிடையே கோடாக வடிவெடுத்ததும் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்தது.

சித்திரத்தின் தலையாய பயன் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். சித்தத்தில் உள்ள எண்ணங்களுக்குத் தம் குறைகளை மறைத்துக்கொள்ளும் வல்லமை உண்டு. கோட்டுக்கு அது கிடையாது. வேப்பிலையை அறியாத தமிழர் யார்? அம்மன் கோயிலிலும், அம்மை கண்ட வீட்டு வாசலிலும், பச்சிலை மருந்திலும் அதைக் கையாண்டே நாம் வளர்ந்தோம். ஆனால் அதை வரைய உட்கார்ந்தவுடன், நடுநரம்பின் இரு புறமும் சமமாக இருக்கும் என்று நாம் எண்ணியிருந்த அந்தச் சிற்றிலை, அடியில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், நுனியை நோக்கி வளைந்தும், விளிம்பெல்லாம் பற்களாகவும் இருக்கக் காண்கிறோம். இதுகாறும் நாம் கண்டது இலையை அன்று, இலையைப் பற்றிய நம் சங்கற்பத்தையே என்பது அப்போது விளங்குகிறது.

விஞ்ஞான சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1609-ஆம் ஆண்டின் கோடையில் ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியின் வழியே சந்திரனைக் கண்டு வரைந்தார். அதில் சில கறைகளும், ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒழுங்கற்ற எல்லையும் இருந்தனவேயன்றி, மலைகள் இல்லை. சில மாதங்களுக்குப் பின் கலீலியோ அதே சந்திரனை வண்ணம் கரைத்துத் தீட்டினார். அவருடைய கருவி வலிமை மிக்கது என்பது மெய்யே. ஆனால் ஒளியும் நிழலும் மேட்டையும் பள்ளத்தையும் எவ்வாறு அறிவிக்கும் என்பதை ஓவியப் பயிற்சியால் உணர்ந்த கண்ணும் அவருக்கு இருந்தது. இருட்பகுதியில் தனித்து மின்னிய புள்ளிகள் கதிரவன் ஒளியை முதலில் ஏற்கும் சிகரங்களே என்று தெளிந்து, அவற்றின் உயரத்தையும் கணித்து, 1610-இல் நூலாக வெளியிட்டார். விண்ணுலகப் பொருள்கள் மாசற்ற பூரண கோளங்கள் என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் கொண்டிருந்த நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டது.

ஹாரியட்டும் வரைந்தாரே, அவர் ஏன் காணவில்லை என்று கேட்பது நியாயமே. வரைதல் உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் வரைந்து வைத்த பிழை, பிறர் கண்டதோடு ஒப்பிடுவதற்கும் பின்னர்த் திருத்துவதற்கும் இடம் தருகிறது; கலீலியோவின் நூல் வெளிவந்த பின் ஹாரியட் வரைந்த சந்திரனில் பள்ளங்களும் இடம் பெற்றன. உள்ளத்தில் புதைந்த பிழைக்கு இந்தக் கதிமோட்சம் வாய்ப்பதில்லை.

நம் நாட்டுச் சிற்ப நூலார் இன்னும் ஆழமாகச் சென்றனர். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதியில், வஜ்ர மன்னனுக்கு உபதேசிக்கும் மார்க்கண்டேயர், உறங்குகிறவனை உயிருள்ளவனாகவும் இறந்தவனை உயிரற்றவனாகவும் தீட்ட வல்லவனே சித்திரம் அறிந்தவன் என்னும் கருத்தைக் கூறுகிறார். இருவரும் கண்மூடி அசையாது கிடப்பவர்களே. புறத்தோற்றத்தில் வேற்றுமை மிக நுண்ணியது. அந்த வேற்றுமையை வரைய வேண்டுமானால் உயிர் இன்னதென்று உள்ளே உணர்ந்திருக்க வேண்டும். பிளேட்டோவின் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தகுந்த விடை எனக்குத் தெரியவில்லை. கண்டவரை மயக்குவதற்காகத் தோற்றத்தைப் பிரதி செய்பவன் மூன்றாம் படியில் நிற்கட்டும்; அறிவதற்காக வரைபவன் தோற்றத்தையே வாயிலாகக் கொண்டு அதற்கப்பால் உள்ளதை நாடுகிறான். வடிவ கணிதம் பயில்வோர் வரைந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே, அவ்வுருவம் எதைக் குறிக்கிறதோ அதையே சிந்திக்கிறார்கள் என்று ‘குடியரசின்’ ஆறாம் பகுதியில் பிளேட்டோவே ஒப்புக்கொள்கிறார்.

ஆதலால் சித்திரம் வரைதலைச் சில குழந்தைகளுக்கு மட்டும் வாய்த்த வரமாகக் கருதி, ஏனையோரின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிவிடுவது பெருந்தவறு. இதயத்தின் அறைகளையோ ஆற்றின் போக்கையோ நெட்டுருப் போட்ட மாணவன், புத்தகத்தை மூடிவிட்டு அதை வரையட்டும். எங்கே அவன் கை நிற்கிறதோ அங்கேதான் அவன் அறிவும் நிற்கிறது என்பதைத் தானே காண்பான். வீடு கட்ட நினைப்பவரும், நிலத்தைப் பங்கிடும் சகோதரரும், சிக்கலான காரியம் ஒன்றை எண்ணிக் குழம்புபவரும், பேசுவதற்கு முன் நாலு கோடுகள் போட்டுப் பார்த்தால் வாக்குவாதங்களிற் பாதி எழாமலே போகும். கோடு அழகாக அமைய வேண்டியதில்லை. நேர்மையாக அமைந்தால் போதும்.

தான் கொண்ட எண்ணத்தைப் பொருளின்மேல் ஏற்றாமல், பொருள் எவ்வாறிருக்கிறதோ அவ்வாறே அதை ஏற்றுக்கொள்ளும் பணிவைத்தான் சமயங்கள் பற்பல சாதனங்களால் நமக்குப் பயிற்றுகின்றன. அகங்காரத்தை அடக்கும் அந்த அப்பியாசத்தை, ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டு ஏழையும் செல்வரும் ஒருங்கே நாள்தோறும் செய்யலாம். அவ்வாறு வரைபவர் அனைவரும் ஓவியராகிவிட மாட்டார்கள். ஆனால் தாம் அறியாததை அறிந்தவர்களாவார்கள், ஞானத்தின் தொடக்கம் அதுவே.